வெர்னின் மாஸ்க்

வெர்ன் கோவாரிக்கின் குறட்டையைப் பற்றி அந்த ஊரில் தெரியாதவர்கள் கிடையாது. நெப்ராஸ்காவின் மக்காச்சோள வயல்களுக்கு நடுவே ஒரு தேவாலயம், ஒரு மாட்டுத் தீவனக் கம்பெனி, ஒரு மதுக்கடை என்று இருக்கிற ஊர். பேசிச் சிரிக்க வேறு என்னதான் இருக்கிறது? மான் வேட்டைக்கு அவனோடு போனவர்கள், ஒரே கூடாரத்தில் படுத்த பாவத்துக்கு, காலையில் மான் எல்லாம் பக்கத்து மாநிலத்துக்கே ஓடிவிட்டதாகக் கதை கட்டினார்கள். வெர்னும் தொப்பை குலுங்கச் சேர்ந்து சிரிப்பான். சிரிக்காதவள் அவன் மனைவி லோரீன் ஒருத்திதான். குறட்டை அவளுக்குப் பழகிவிட்டது. அது நின்றால்தான் அவளுக்குத் தூக்கம் கலையும்.

ஊரே அதிர இரைந்துகொண்டிருந்தவன் திடீரென்று அடங்கிப்போவான். மார்பு ஏறாது, இறங்காது. லோரீன் காதைத் தீட்டிக்கொண்டு கிடப்பாள். இப்போது வரும், இப்போது வரும் என்று பொறுத்துப் பார்த்துவிட்டு, முழங்கையால் விலாவில் ஓங்கி ஒரு இடி இடிப்பாள். தண்ணீருக்குள்ளிருந்து தலையைத் தூக்கியவன் போல மூச்சை இழுத்துக்கொண்டு புரள்வான். மறுபடி குறட்டை, மறுபடி நிசப்தம், மறுபடி இடி. அவன் கழுத்து பருத்த நாளிலிருந்து அவர்கள் படுக்கையில் நடக்கிற குடித்தனம் இதுதான்.

“ராத்திரி பூரா என்னை ஏன் இப்படிப் போட்டு இடிக்கறே? நான் என்ன உங்க அப்பா வீட்டுக் கழுதையா?” என்பான் காலையில்.

“கழுதை மூச்சாவது விடும்” என்பாள் லோரீன்.

இரண்டு பேருக்கும் கண் சிவந்திருக்கும். அவன் கருப்புக் காப்பியைக் குடித்துவிட்டு, விடிவதற்கு முன்பே தீவன லாரியை எடுத்துக்கொண்டு மாட்டுப் பண்ணைகளுக்குக் கிளம்புவான். வழியில் கண் சொருகாமல் இருக்க, தோலோடு வறுத்த சூரியகாந்தி விதைப் பொட்டலம் ஒன்று எப்போதும் அவன் மடியில் இருக்கும். கடித்துத் துப்பிக்கொண்டே இருந்தால் தூக்கம் வராது என்பது லாரிக்காரர்களின் வைத்தியம். சாயங்காலம் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடுவான்.

லாரிக்காரனுக்கு உடல்தகுதி அட்டைதான் உயிர். அது இல்லையென்றால் சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான். அந்த முறை பரிசோதனைக்குப் போனபோது அவன் கழுத்தில் அளவு நாடாவைச் சுற்றினார்கள். அந்த நாடாவுக்கு லாரிக்காரர்கள் எல்லோரும் நடுங்குவார்கள். பருத்த கழுத்து என்றால் தூக்கப் பரிசோதனைக்கு அனுப்பிவிடுவார்கள், அதற்குப் பிறகு வேலை இழுபறிதான் என்று பேச்சு.

“தூக்குல போடவா அளவெடுக்கறீங்க?” என்று கேட்டுச் சிரித்தான் வெர்ன். அவர்கள் சிரிக்காமல் அவனைத் தூக்கப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள்.

முடிவைச் சொன்ன டாக்டர் எங்ஸ்ட்ரம் நல்ல மனுஷர். நாற்காலியை அவன் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு பேசினார்.

“மிஸ்டர் கோவாரிக், நீங்க தூங்கறதே இல்ல. தூங்கறதா நினைச்சுக்கிட்டு ராத்திரி பூரா மூச்சுக்குப் போராடிட்டு இருக்கீங்க. தொண்டை அடைச்சுக்குது, மூச்சு நின்னுடுது, இதயம் பதறிப்போய் உங்களை உலுக்கி எழுப்புது. விடியற வரைக்கும் இதேதான். அப்புறம் பகல்ல எப்படித் தெம்பா இருப்பீங்க?”

“அதான் என் பொண்டாட்டி எழுப்பறாளே டாக்டர். முழங்கை இரும்பு மாதிரி.”

டாக்டர் லோரீனைப் பார்த்துப் புன்னகைத்தார். “முழங்கை போதாது. இப்படியே விட்டா ரத்த அழுத்தம், பக்கவாதம், மாரடைப்பு, எது முந்திக்கும்னு என்னால சொல்ல முடியாது. ஆனா இதுக்கு வழி இருக்கு. ஒரு மிஷின் தரேன். மாஸ்க் வழியா காத்தை உள்ளே தள்ளி, தொண்டை மூடாம பாத்துக்கும். தினம் ராத்திரி போடணும். போட்டீங்களா இல்லையான்னு மிஷினே எங்களுக்கும் உங்க கம்பெனிக்கும் சொல்லிடும்.”

லோரீனுக்கு அன்று நெஞ்சில் பாலை வார்த்தது போல இருந்தது. இனி அவனைக் காவல் காக்க வேண்டாம். வீடு திரும்பும்போது வழியெல்லாம் அவள் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே வந்தாள்.

மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுகிற மாஸ்க் அது. முதல் ராத்திரி வெர்ன் அதை மாட்டிக்கொண்டு படுத்தான். காற்று வரத் தொடங்கிய மறுகணம் பிய்த்து எறிந்துவிட்டு எழுந்து உட்கார்ந்தான். முகமெல்லாம் வியர்வை. அடுத்த ராத்திரியும் அப்படியே. அதற்கடுத்த ராத்திரி எழுந்து வாசலுக்கே ஓடிவிட்டான்.

காரணம் லோரீனுக்குத் தெரியும். ஊரில் வேறு யாருக்கும் அவன் சொன்னதில்லை. சின்ன வயதில் அவன் அப்பாவின் தானியக் குதிருக்குள் இறங்கி, மக்காச்சோளம் சரிந்து கழுத்துவரை புதைந்துபோனான். மூக்கின் மேலும் வாயின் மேலும் சோளம் உருண்டு வந்துகொண்டே இருந்தது. அக்கம்பக்கத்தார் ஓடிவந்து குதிரின் தகரத்தை வெட்டித்தான் அவனை வெளியே எடுத்தார்கள். அன்றிலிருந்து அவன் போர்வையைக்கூட முகத்துக்கு மேல் இழுத்ததில்லை. இதை டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆனால் ஊரையே சிரிக்க வைக்கிற ஆறடி மனுஷன், எனக்கு மாஸ்க்கைக் கண்டால் பயம் என்று எந்த வாயால் சொல்லுவான்?

கம்பெனியிலிருந்து போன் வந்தது. மிஷின் சரியாக உபயோகத்தில் இல்லை, இப்படியே போனால் லாரியைக் கொடுக்க முடியாது என்றார்கள். வெர்ன் அன்று சாப்பிடவில்லை.

“குழந்தை மாதிரிப் பண்ணாதே. இதுல என்ன இருக்கு? இங்க பாரு” என்று அன்று ராத்திரி லோரீன் மாஸ்க்கை எடுத்துத் தன் முகத்தில் மாட்டிக்கொண்டாள். தலையணையில் சாய்ந்து காட்டினாள். குளிர்ந்த காற்று மெல்ல உள்ளே வந்தது. காதில் மழை பெய்கிற மாதிரி ஒரு இரைச்சல். அத்தனை வருஷம் கண்விழித்த பெண்பிள்ளை, சாய்ந்தவள் சாய்ந்தவள்தான்.

காலையில் வெர்னின் சிரிப்புச் சத்தத்தில்தான் விழித்தாள். ராத்திரி பூரா மாஸ்க் போட்டதற்கு மிஷினின் சின்னத் திரையில் பச்சை நிறத்தில் ஒரு சிரித்த முகம் தெரிந்தது.

“லோரி! இந்த முட்டாள் மிஷினுக்கு யார் மூக்குன்னே தெரியலைடி!”

அவளும் சிரித்தாள். அது உண்மை. பின்னால் அவள் தன்னைத் தானே எத்தனையோ முறை சபித்துக்கொண்டாள், ஆனால் அன்று காலை இரண்டு பேரும் கட்டிலில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கம்பெனிக்காரி போன் பண்ணி, “வாழ்த்துகள் வெர்ன், இப்படியே போடுங்க” என்றாள். அவன் போனை வைத்துவிட்டு மனைவியின் நெற்றியில் முத்தமிட்டான்.

“கொஞ்ச நாளைக்கு நீ போட்டுக்க. நான் மெல்லப் பழகிக்கறேன்.”

கொஞ்ச நாள் என்பது எப்படி நீளும் என்று குடும்பம் நடத்துகிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பனி விழுந்து கரைந்து, சோளம் விதைத்து ஆள் உயரம் வளர்ந்தது. லோரீன் தினமும் புருஷனின் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு தூங்கினாள். அவள் முகம் தெளிந்தது. தேவாலயத்தில் பெண்கள், “என்ன, இளமை திரும்புதா?” என்று கேலி செய்தார்கள். வெர்ன் வாடிக்கொண்டே போனான்.

மறு பரிசோதனைக்குப் போனபோது டாக்டர் எங்ஸ்ட்ரம் கணினியைப் பார்த்துவிட்டுத் தலையைத் தூக்கினார். “அற்புதம்! ஒரு ராத்திரி விடாம போட்டிருக்கீங்க. மூச்சு நிக்கறதே இல்ல. மத்தவங்களுக்கு உங்களைத்தான் உதாரணமா சொல்லணும். உடம்பு எப்படி இருக்கு?”

“அசதியாத்தான் இருக்கு டாக்டர். காலையில தலைவலி.”

டாக்டரின் நெற்றி சுருங்கியது. தூக்கம்தான் சரியாகிவிட்டதே, அப்புறம் ஏன்? ரத்த அழுத்தம் ஏறியிருந்தது. அதற்கு ஒரு மாத்திரை எழுதினார். அடுத்த முறை மாத்திரையைக் கூட்டினார். அதற்கடுத்த முறை, மனச்சோர்வாக இருக்கலாம் என்று அதற்கும் ஒரு மாத்திரை கொடுத்தார். பாவம், அவர் இல்லாத இடத்தில் எல்லாம் தேடிக்கொண்டிருந்தார். லோரீன் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் வாயைத் திறக்கப்போனபோது மேசைக்கு அடியில் வெர்னின் பூட்ஸ் அவள் செருப்பை அழுத்தியது.

ஞாயிற்றுக்கிழமை மகள் மார்லா குழந்தைகளோடு சாப்பிட வருவாள். வாத்துக் கறியும் மாவுருண்டையும் புளித்த முட்டைக்கோஸும் தட்டில் இருக்க, முள்கரண்டியைக் கையில் பிடித்தபடியே வெர்ன் தூங்கிவிடுவான். குழந்தைகள் அவன் காதில் முட்டைக்கோஸைத் தொங்கவிட்டு விளையாடும். ஒருநாள் உப்பு ஜாடியை எட்டி எடுத்துக் கொடுக்கவில்லை என்று மார்லாவிடம் கத்தினான். அப்படிக் கத்துகிறவனே இல்லை. மார்லா அழுதுகொண்டே குழந்தைகளைக் காரில் ஏற்றிப் போய்விட்டாள். ஏன் கத்தினோம் என்று மறுநாள் அவனுக்கே ஞாபகம் இல்லை.

அன்றுதான் லோரீன் அவனுக்குத் தெரியாமல் மருத்துவமனைக்குப் போன் பண்ணினாள். எடுத்தது ஒரு நர்ஸ். உண்மையைச் சொல்ல நாக்கு எழவில்லை. சுற்றி வளைத்து, “என் வீட்டுக்காரருக்கு அந்த மாஸ்க் மூச்சு முட்டற மாதிரி இருக்காம்” என்றாள்.

“அட, இதை ஏன் முன்னாடியே சொல்லல? முக்கால்வாசி பேருக்கு அப்படித்தான் இருக்கும். மூக்கு நுனியில மட்டும் வைக்கற மாதிரிச் சின்னது இருக்கு, முகத்தை மூடாது. பகல்ல டிவி பாக்கும்போது கொஞ்ச நேரம் போட்டுப் பழகச் சொல்லுங்க. பயந்தவங்க எத்தனையோ பேர் பழகிட்டாங்க. வந்து வாங்கிட்டுப் போங்க.”

அவ்வளவுதான். அவ்வளவு சுலபம். லோரீன் அதை வாங்கிக்கொண்டு வந்து, காரை வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதாள்.

சனிக்கிழமை மாநிலமே சிவப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு கால்பந்தாட்டம் பார்க்கிற நாள். வெர்னும் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தான். அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டு, அந்தச் சின்ன மாஸ்க்கை அவன் மூக்கடியில் வைத்தாள். வாயை எதுவும் மூடவில்லை, கண் முன்னால் எல்லாம் தெரிந்தது. முதலில் ஒரு முறை தள்ளிவிட்டான். பிறகு மாநிலத்து ஆட்கள் பந்தைக் கோட்டைவிட, அவர்களைத் திட்டுகிற மும்முரத்தில் மாஸ்க்கையே மறந்துபோனான். பாதி ஆட்டத்தில் தூங்கிவிட்டான். குறட்டை இல்லை. நிசப்தமும் இல்லை. சின்னக் குழந்தை மாதிரி ஒரே சீரான மூச்சு. லோரீன் டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, ஆட்டம் முடிந்து இருட்டுகிறவரை அந்த மூச்சையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

விழித்தவன் சுற்றும் முற்றும் பார்த்தான். கண் பளிச்சென்று இருந்தது.

“நான் இவ்வளவு நாள் எங்க இருந்தேன் லோரி?”

எழுந்து போய், மாதக்கணக்கில் தொங்கிக்கொண்டிருந்த வேலிக் கதவைச் சரிசெய்தான். உள்ளே வந்து மார்லாவுக்குப் போன் பண்ணி மன்னிப்புக் கேட்டான். கடைசியில் மார்லா அம்மாவிடம் கொடுக்கச் சொல்லி, “அப்பா குடிச்சிருக்காரா?” என்று மெல்லக் கேட்டாள். லோரீன் சந்தோஷத்தில் வாய்விட்டுச் சிரித்தாள்.

“இன்னிக்கு ராத்திரியே ஆரம்பி” என்றாள்.

வெர்ன் தயங்கினான். “தூக்கக் கலக்கத்துல பிய்ச்சுப் போட்டுட்டேன்னா? மாசக் கடைசியில அட்டையைப் புதுப்பிக்கணும். அறுவடை நேரம் வேற. இப்பப் போய் கணக்குல ஓட்டை விழுந்தா லாரியை வாங்கிடுவானுங்க. அட்டை கைக்கு வரட்டும். அதுவரைக்கும் ராத்திரி நீ போட்டுக்க, நான் சனிக்கிழமைல பழகறேன். சத்தியமா அப்புறம் நானே போட்டுக்கறேன்.”

“டாக்டர்கிட்ட உண்மையைச் சொல்லிடலாம் வெர்ன். அந்த ஆளு கடிச்சுத் தின்ன மாட்டாரு.”

“சொல்லலாம். அட்டை வரட்டும்.”

அவன் முகத்தில் அத்தனை நாள் கழித்துச் சிரிப்பைப் பார்த்த மயக்கம் அவளுக்கு. இன்னும் கொஞ்ச நாள்தானே என்று விட்டுவிட்டாள். அவள் செய்த தப்பு அதுதான். மற்றதெல்லாம் அதற்கு முன்னால் வந்த சில்லறைத் தப்புகள்.

அட்டை வருவதற்கு முன்பே ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. அலாரம் இல்லாத நாள். லோரீன் கண்விழித்தபோது திரைச்சீலையில் வெயில் ஏறியிருந்தது. வெர்ன் அவளுக்கு முதுகைக் காட்டி அசையாமல் படுத்திருந்தான். குறட்டை இல்லை. பரவாயில்லையே, பழகப் பழகத் தூக்கமே திருந்திவிட்டதே என்று அவளுக்குத் தோன்றியது. மாஸ்க்கைச் சத்தமில்லாமல் கழற்றினாள். அடிமேல் அடி வைத்து வெளியே போய்க் கதவைச் சாத்தினாள். காப்பி போட்டாள். அவனுக்குப் பிடித்த பாப்பி விதை ரொட்டியை அடுப்பில் வைத்தாள். தேவாலய மணி அடித்தது. தூங்கட்டும், ஒரு ஞாயிறு போகாவிட்டால் சாமி கோபிக்காது என்று ரேடியோவைக்கூடக் குறைத்து வைத்தாள். ரொட்டி சிவந்து வந்ததும் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு போய், “எழுந்திரு மகராசா” என்று தோளைத் தொட்டாள்.

தோள் சில்லிட்டிருந்தது.

டாக்டர் எங்ஸ்ட்ரம் அவராகவே போன் பண்ணினார். குரல் உடைந்திருந்தது. “தூக்கத்துல இதயம் நின்னுருக்கு. எனக்குப் புரியவே இல்லை மிஸஸ் கோவாரிக். அவரு ஒரு நாள் விடாம போட்டாரே. நான்தான் எதையோ கவனிக்காம விட்டுட்டேன்.” லோரீன் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றாள். நன்றி டாக்டர் என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தாள்.

அடக்கம் முடிந்து தேவாலயத்தின் கீழ்த்தளக் கூடத்தில் சாப்பாடு. பன்றிக்கறி சாண்ட்விச்சும் உருளைக்கிழங்கு சாலடும், ஊர்ப் பெண்கள் ஆளுக்கொரு தட்டாகக் கொண்டுவந்த பழ ரொட்டிகளும் நீள மேசையில் இருந்தன. லாரிக்காரர்கள் எல்லோரும் கழுத்தை இறுக்குகிற டையோடு வந்திருந்தார்கள். மான் கதையை யாரோ சொன்னார்கள், அழுதுகொண்டே சிரித்தார்கள். மார்லா அம்மாவின் கையை விடவே இல்லை.

“நீ செய்ய வேண்டியதெல்லாம் செஞ்சுட்டம்மா. அவரும் டாக்டர் சொன்னதைக் கேட்டாரு. எனக்கு அது ஒண்ணுதான் ஆறுதல்.”

அப்போதுதான் ரூடி வந்தான். வெர்னோடு தீவன லாரி ஓட்டுகிறவன், வெர்னைவிடப் பருத்த கழுத்து. கண்ணுக்குக் கீழே கறுத்துப் பை தொங்கியது. காகிதத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு லோரீன் முன்னால் குனிந்தான்.

“அண்ணி, எனக்கும் அந்த மிஷினைத் தலையில கட்டிட்டாங்க. பொண்டாட்டி தினம் போடு போடுன்னு உயிரை எடுக்கறா. நேத்து அவகிட்ட சொல்லிட்டேன். வெர்னைவிட ஒழுங்கா எவன் போட்டான்? அவனையே அது காப்பாத்தல. எல்லாம் ஏமாத்து வேலை. தூக்கிக் கொண்டுபோய் காரேஜ்ல போட்டுட்டேன்.”

பக்கத்தில் நின்ற இரண்டு மூன்று பேர் தலையாட்டினார்கள். ரூடிக்குப் பின்னால் அவன் மனைவி தட்டில் இருந்ததைச் சாப்பிடாமல் நின்றாள். அந்தப் பெண்ணின் கண்களும் சிவந்திருந்தன. அந்தச் சிவப்பு அழுததால் மட்டும் வந்தது இல்லை என்று லோரீனுக்குப் பார்த்ததும் தெரிந்தது.

பேசாமல் இருந்தால் வெர்ன் நல்ல பேரோடு மண்ணுக்குள் கிடப்பான். மகள் கையைப் பிடித்துக்கொண்டே இருப்பாள். ஊர் அவளைத் தாங்கும். லோரீனுக்கு அது எல்லாமே வேண்டியிருந்தது.

“ரூடி, அதை எடுத்துட்டு வந்து மாட்டு” என்றாள். “வெர்ன் போடல.”

“என்ன அண்ணி?”

“அவன் ஒரு ராத்திரிகூடப் போடல. அவனுக்குப் பயம். நான்தான் போட்டேன். அந்த மிஷின் சொன்னதெல்லாம் என் மூச்சு. டாக்டர் பாத்துப் பாத்துச் சந்தோஷப்பட்டது என் மூச்சை. மிஷின் நல்ல மிஷின்தான். சனிக்கிழமை ஆட்டம் பாக்கும்போது சின்ன மாஸ்க்கைப் போட்டுக்கிட்டான், எப்படித் தூங்கினான் தெரியுமா?” அவள் குரல் உயர்ந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். “வீட்டுக்குப் போ. பயமா இருந்தா நாளைக்கே போய் டாக்டர்கிட்ட பயமா இருக்குன்னு சொல்லு. சொன்னா வேற கொடுப்பாங்க. நானும் வரேன். எனக்கும் அவர்கிட்ட சொல்ல வேண்டியது இருக்கு.”

ரூடி தட்டை மேசையில் வைத்தான். அவன் மனைவி அவன் சட்டைக் கையைப் பற்றி இழுத்துக்கொண்டு படியேறினாள். மற்றவர்கள் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் காப்பிக் கோப்பையைப் பார்த்தார்கள்.

மார்லாவின் கை மெல்ல நழுவிப்போனது.

“அன்னிக்கு ராத்திரியும் நீதான் போட்டிருந்தியா?”

“ஆமா.”

“அப்பா மூச்சு நின்னா உனக்குத் தெரியுமே. எத்தனை வருஷமா தெரியும். அன்னிக்கு ஏம்மா தெரியல? பக்கத்துலதானே படுத்திருந்த? என்ன பண்ணிட்டு இருந்த?”

லோரீன் மகளின் முகத்தைப் பார்த்தாள். காற்று இரைச்சலில் கேட்கவில்லை என்று சொல்லலாம். அதுவும் பொய் இல்லை. ஆனால் இனி பாதி உண்மை சொல்ல அவளிடம் தெம்பு இல்லை.

“தூங்கிட்டேன் மார்லா” என்றாள். “நல்லாத் தூங்கிட்டேன்.”